ஜி-க்குச் சற்று மேலே

மெயினை இறக்கியாயிற்று. இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னேன். "அது எதுக்கு?" என்றார் இவர். "அணைங்க" என்றேன். அணைத்தார். ஃபேன் மட்டும் விட்ட வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றி, ஒவ்வொரு இறக்கையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, நின்றது. வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார், அவர் மூச்சு கேட்கிறது. கதவோரம் ஸ்விட்ச் போர்டின் மூடியைக் கழற்றி எலக்ட்ரீஷியன் இசக்கிமுத்து உள்ளே விரலை விடுகிறான். ஒரு திருகாணி தரையில் விழுந்து சோபாவுக்கு அடியில் ஓடுகிறது, அதுவும் கேட்கிறது. மாடி வீட்டுக் குக்கர், தெருவில் மீன்காரரின் ஹாரன், முருங்கை மரத்துக் காகம். எல்லாம் கேட்கிறது, அது மட்டும் கேட்கவில்லை. மகிழ்ந்துவிடக் கூடாது, பியூலா. கரண்ட் இல்லாதபோது அது கேட்காது என்பது தெரிந்ததுதான். கரண்ட் வந்த பிறகும் கேட்காமல் இருக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கொயர் வந்துவிடும், அதற்குள் தெரிந்துவிடும், கெட்டுப்போனது இந்த வீட்டு விளக்கா என் காதா என்று. விளக்கு என்றால் இன்றைக்கு நோட்டை நான் கொடுப்பேன். காது என்றால் ஷீபா கொடுப்பாள், நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து தாளம் தட்டிவிட்டு, எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போடுவேன். டீயும் நன்றாகத்தான் போடுவேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாத டீ.

நோட்டுக் கொடுப்பது என்றால் பெரிய காரியம் ஒன்றும் இல்லை என்று நினைப்பார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், அது தொடங்குகிற சுரத்தில் ஒரு முனகல். அதைப் பிடித்துக்கொண்டு இருபது வாய் திறக்கும். கீபோர்டைத் தொடாமல், சுதிக்குழாய் ஊதாமல், காற்றிலிருந்து நான் எடுத்துக் கொடுப்பேன். ஜி என்றால் ஜி. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் இது ஒரு சின்னப் பெருமை, வெளியூர் ஆட்கள் வந்தால் கொயரில் பாடுகிற எட்வின் சார் வேண்டுமென்றே ஷீபாவின் கையைக் கீபோர்டில் இருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, "டீச்சர், குடுங்க" என்பார். பிறகு ஒரு விரலால் கட்டையை அழுத்திக் காட்டுவார், ஏதோ அவரே வீட்டில் செய்து கொண்டுவந்த பண்டம் போல. அப்படி இருந்த நான், ஈஸ்டர் கழிந்த ஞாயிறு, முதல் சரணம் கருவி இல்லாமல், இரண்டாவது சரணத்தில் கீபோர்டு வந்து சேர வேண்டிய பாட்டுக்கு நோட்டுக் கொடுத்தேன். முதல் சரணம் அழகாகப் போயிற்று. ஷீபா வந்து சேர்ந்தாள். சேரவில்லை. ஒரே பெஞ்சில் ஓராள் இடத்தில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி பாட்டும் கீபோர்டும். நான் கொடுத்தது ஜி-க்குச் சற்று மேலே இருந்திருக்கிறது. ஜி ஷார்ப் என்றால்கூடத் தப்பான நோட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். இது இரண்டு கட்டைக்கும் நடுவில், எந்தக் கீபோர்டிலும் இல்லாத இடத்தில் இருந்தது. ஷீபா கெட்டிக்காரி, சட்டென்று கையை எடுத்துவிட்டாள், கருவி இல்லாமலே முடித்தோம். சபையில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஐயருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது கையை விடாமல், "டீச்சர், உடம்புக்கு முடியலியா?" என்றார். திட்டியிருக்கலாம். அந்த மெதுவான குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஷீபா பாத்துக்கிடட்டும் ஐயரே, நான் கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதேன்" என்று அங்கேயே, செருப்பைக் கூடப் போடாமல், சொல்லிவிட்டேன். "அவசரப்படாதீங்க, ஜெபிப்போம்" என்றார். ஜெபித்திருப்பார். நானும் ஜெபித்தேன். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால் அது இன்னும் தெளிவாகக் கேட்டது.

உம் என்று. அடிவயிற்றில் இருந்து வாயை மூடிக்கொண்டு ஓர் ஆள் விடாமல் பாடுவதுபோல. காய்ச்சல் வந்து கைகால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு கிடந்தேனே, அதிலிருந்து எழுந்த வாரத்தில்தான் முதலில் கவனித்தேன். காய்ச்சல் காதுக்குள் எதையோ விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார், வயசுக்குக் காது பரவாயில்லை என்றார், "சில பேருக்கு உள்ளேயே ஒரு சத்தம் கேக்கும், பழகிக்கிடுங்க" என்றார். உள்ளே. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோயிற்று. வீட்டுக்கு வெளியே அது கேட்காதபோதும், டாக்டர் விட்ட பீப்பில், தெருச் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கிறது என்றே நினைத்துக்கொண்டேன். இவரிடம் கேட்டேன், "உங்களுக்குக் கேக்கா?" "எது?" "இதுதான், இப்ப." தலையைச் சாய்த்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பழக்கத்தில் ரிசீவரைக் காதில் வைத்ததுபோலக் கையை வைத்து, "ஃபேன்" என்றார். ஃபேனை அணைத்தேன். "ஃப்ரிட்ஜ்" என்றார். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். "இப்ப ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு இருந்தது. அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சில் ராப்பகலாகச் சடசடத்த ஸ்விட்சுகளுக்கு நடுவில் வேலை பார்த்த காது, அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டது என் தப்பு. விளக்காக இருக்குமோ என்று எனக்குத் தோன்றாமலா இருந்தது? அணைத்துப் பார்த்தேன். இவர் தன் ஃபோனில் தடவித்தான் அணைத்தார், ரிட்டயர் ஆன பிறகு வந்த பைத்தியம் அது, வீட்டில் ஒரு ஸ்விட்சைக் கையால் தொடவிட மாட்டார், காய்ச்சல் சமயத்தில்தான் ஹால் விளக்குக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் ஒன்றை மாட்டியிருந்தார். ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்திருக்கிற குட்டி விளக்குகள், வீடு கட்டும்போதே போட்டது, பன்னிரண்டு வோல்ட்டில் எரிகிறவை, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. சத்தம் கொஞ்சம் தணிந்தது. போகவில்லை. விளக்கு அணைந்தும் சத்தம் இருக்கிறது என்றால் சத்தம் விளக்கில் இல்லை, இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா? அன்றைக்குத்தான் என் காதைக் கைவிட்டேன். கீபோர்டில் விரல் வைத்துப் பார்த்தேன். கீழ் ஜி-க்குச் சற்று மேலே. அந்த இடம்தான். அதே இடம்தான். நாள் முழுக்க இந்த ஹாலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு, அது என் ஜி-யின் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டது, எனக்கே தெரியாமல்.

பிறகு அந்த ஷட்-டவுன் நாள். மாதத்துக்கு ஒருதரம் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அது. இன்வெர்ட்டர் மத்தியானம்வரை இழுத்தது. நான் ஹாலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்குள் உம் என்றுதான் இருந்தது, இன்வெர்ட்டரில் ஓடினால் அது இன்னும் கரகரப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். அதைக்கூட நான் யோசித்திருக்க வேண்டும், தலைக்குள் இருக்கும் சத்தத்துக்கு இன்வெர்ட்டர் எது, ஈபி எது என்று எப்படித் தெரியும்? யோசிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பீப் பீப் என்று இரண்டுதரம் கத்திவிட்டு இன்வெர்ட்டர் செத்தது. ஃபேன் நின்றது, அதுவும் நின்றது. தோளில் இருந்து யாரோ கையை எடுத்தார்கள். அப்படித்தான் இருந்தது, யார் வைத்தார்கள் என்று தெரியாமலே இத்தனை நாள் தோளில் கிடந்த ஒரு கை. மீன் குழம்பு விரலில் காய்ந்தது. உள்ளே கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி, "உங்க ஃபோன்ல விளக்க அணைச்சா, கரண்டு மேல போகுமா போகாதா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார், "கொஞ்சமாப் போகும். அந்த மாடலு அப்படித்தான். நம்ம போர்டுல கரண்டு திரும்பிப் போக நியூட்ரல் ஒயர் கெடையாதுல்லா. அதான் விளக்கு வழியாவே கொஞ்சம் கரண்ட எடுத்துக்கிடும். ஃபோன் கூப்பிட்டா முழிக்கணும்லா அது." எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல. தேங்காய்க்குள் தண்ணீர் இருக்கும் என்பதுபோல. "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" "நீ கேக்கல." உண்மைதான். காது கேட்கிறதா என்று கேட்டேனே தவிர, கரண்டு போகிறதா என்று கேட்கவில்லை. அப்படியானால் அந்த டிம்மர் தூங்குவதே இல்லை. விளக்கு எரியப் போதாத அளவுக்கு, சொட்டுச் சொட்டாக, இரவும் பகலும் மேலே எதற்கோ கரண்டை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அந்த எதுவோதான் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. எதுவோ என்ன? மேலே என்ன இருக்கிறது? இவருக்கும் தெரியவில்லை. "சோக்கு" என்றார்.

சோக்கு. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் சிக்கியிருந்தது. எங்கள் ஊரில் விளக்குக்கும் கரண்டுக்கும் நடுவில் எது உட்கார்ந்திருந்தாலும் அதற்குச் சோக்கு என்று பேர். டியூப் லைட்டுக்குச் சோக்கு, பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கும் சோக்கு, பழையதற்கும் புதியதற்கும் அதே சோக்கு. டிம்மர் வாங்கப் போகும்போது இவர் இசக்கிமுத்துவிடம் மேலே என்ன கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார், அவன் சோக்கு என்றிருக்கிறான், இப்போதெல்லாம் சோக்கு எலக்ட்ரானிக்தானே என்று இவராகவே நினைத்து, எலக்ட்ரானிக்குக்கு உரிய டிம்மரை வாங்கி வந்து மாட்டிவிட்டார். ஒரு சொல்லை இரண்டு பேரும் பேசி இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பார்த்திருக்கிறார்கள். நான் இசக்கியைக் கூப்பிட்டு வேறு மாதிரி கேட்டேன். "மேல இருக்கே சோக்கு, அத கையில தூக்கினா எப்படி இருக்கும்?" "யம்மா, செங்கல்லு மாதிரில்லா இருக்கும். மாட்டும்போது எம் மேல ஒண்ணு விழப் பாத்துது." செங்கல். அப்படியானால் இரும்பு. இரும்பைச் சுற்றிய கம்பி. இரும்புதான் பாடும். அதை மாற்றலாமே என்றால் சீலிங்கை உடைக்க வேண்டும். அதனால் இரும்புக்குத் தக்க டிம்மர் வேண்டும். இருக்கிற டிம்மரின் பெட்டியோடு வந்த துண்டுத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், இவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். கரண்டு நேர்கோடாக வருவதில்லை, அலையாக வருகிறது. டிம்மர் ஒவ்வோர் அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை விளக்குக்கு விடுகிறது. சிலது முன்பக்கத்தை வெட்டும், சிலது பின்பக்கத்தை. இதற்கு மேல் எனக்கு விளக்க வேண்டாம், இருபது பேர் பாடுகிற கொயரை வைத்திருக்கிறேன். டார்கஸ் அக்கா எப்போதும் அரை மாத்திரை தாமதமாக நுழைவாள், அவள் முன்பக்கம் வெட்டுப்பட்ட அலை. எட்வின் சார் ஒழுங்காக நுழைந்து, கடைசி எழுத்தை முழுங்கிவிடுவார், பின்பக்கம். எலக்ட்ரானிக் சோக்குக்கு எட்வின் சார்தான் சரி. இரும்புச் சோக்குக்கு அவர் ஆகாது, அது கனமான சாமான், ஓடிக்கொண்டிருப்பதை நடுவில் வெட்டென்று நிறுத்தினால் உதறும், முறுக்கும், முனகும். தாமதமாக நுழைந்தால் ஒன்றும் சொல்லாது. இரும்புக்கு டார்கஸ் அக்கா வேண்டும். ஜங்ஷன் கடையில் அண்ணாச்சி இரண்டு பெட்டியை எடுத்து வைத்து, "டீச்சர், பின்னால வெட்டுததுதான் இப்ப புதுசு. சத்தமே வராது" என்றார். "எதுக்குச் சத்தம் வராது அண்ணாச்சி?" "சோக்குக்கு." "எந்தச் சோக்குக்கு?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுல இருக்கது இரும்பு. முன்னால வெட்டுதது வேணும். நியூட்ரல் போடுத மாதிரி வேணும், அணைச்சா அணையணும்." உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் குமிழைக் கையால் திருகுவது, ஃபோன் பேச்சைக் கேட்காது. இவர் முகத்தைப் பார்த்தேன். கல்லாப்பெட்டிக்கு மேல் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். தன்னால் வந்த கோளாறு என்பது அவருக்கு உறைத்திருந்தது, அதனால் கேட்க மாட்டார். அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், நான் வாங்கியிருந்தால் மறுபேச்சு இருக்காது. "இவரு ஃபோன்ல இருக்க ஆப்போட பேசுததா ஒண்ணு வேணும் அண்ணாச்சி, இரும்பு, நியூட்ரல், ஆப்பு, மூணும்" என்றேன். "மதுரைலேருந்து வரவழைக்கணுமே." "வரவழைங்க." காலண்டரில் இருந்து கண்ணை எடுக்காமலே இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அதுதான் இப்போது இசக்கியின் கையில் இருக்கிறது. பக்கத்து பிளக் பாயிண்டில் இருந்து நியூட்ரலை இழுத்துக்கொண்டுவந்துவிட்டான், கறுப்பு ஒயரின் நுனியைப் பல்லால் உரிக்கிறான். "ஏலே, கட்டிங் பிளேயர் என்னத்துக்கு வச்சிருக்க?" என்கிறார் இவர். "சார், பல்லுதான் சார் கைக்குப் பக்கத்துல இருக்கு." இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெயின் இல்லாத இந்த அமைதியை உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். குக்கர், காகம், திருகாணி, இவர் மூச்சு. இதற்கு மேல் ஒன்று கூடினால் எனக்குத் தெரியும். தெரியுமா? ஒருவேளை இத்தனை நாள் கேட்டுப் பழகிய காது, வெளியே இல்லாவிட்டாலும் தானாகவே பாட ஆரம்பித்துவிட்டால்? ஷட்-டவுன் அன்றைக்கு நின்றதே. அன்றைக்கு நின்றது, இன்றைக்கும் நிற்கும் என்று என்ன. இரண்டுமே இருக்கலாம், விளக்கிலும் சத்தம், காதிலும் கோளாறு. ஒன்று நிரூபணமானால் மற்றது பொய் என்று ஆகிவிடுமா? அந்தத் துண்டுத்தாளில் ஒருவரியை நான் தப்பாகப் படித்திருக்கலாம். செங்கல் என்றானே, எந்தச் செங்கல், இப்போது வருகிற லேசான செங்கலும் உண்டே. இல்லை. இரும்பு பாடியது. அதை நான்தான் கேட்டேன், இந்த வீட்டில் வேறு யாருக்கும் கேட்காத காலத்தில். தவறாகக் கேட்கிற காதுக்கு எப்படி இவ்வளவு சரியாக, ஜி-க்குச் சற்று மேலே என்று, நாள் தவறாமல் அதே இடத்தில் கேட்கும்? என்னைவிட்டு ஓடிப்போனது என் ஜி, என் காது இல்லை. "டீச்சரம்மா, முடிஞ்சுது. மெயினப் போடட்டுமா?" மூடியை மாட்டிவிட்டான். விளக்கு கோயில் ஆல்டரில் எரியும் மெழுகுவர்த்தி அளவுக்கு மங்கலாக எரிய வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன், மங்கலில்தான் அது அதிகம் கத்தும். "ஃபேனப் போடாதீங்க" என்றேன். "போடல" என்றார் இவர். வராந்தாவில் நெம்புகோல் டக்கென்று ஏறியது.

விளக்குகள் பதறாமல், திரி பற்றுவதுபோல, மெதுவாக வந்தன. காவி வெளிச்சம் சுவரில் இறங்கியது. நான் மூச்சை விடவில்லை. குக்கர். காகம் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் ஒருதரம் குலுங்கி அடங்கியது. சுவர்க்கடிகாரம், இது எப்போதிருந்து இவ்வளவு சத்தமாக ஓடுகிறது? பக்கத்து வீட்டில் யாரோ செருப்பை உதறிப் போட்டார்கள். இவ்வளவுதான். இவ்வளவுதான். இன்னும் காத்திருந்தேன், கண்ணை மூடி, ஜெபத்தில் மூடுவதுபோல. இருட்டுக்குள்ளும் இல்லை. எழுந்தேன். ஹாலுக்கு நடுவே, விளக்குகளுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து கேட்டேன். அங்கே இருந்தது. துளியாக, ஒரு கொசு தூரத்தில் சிறகை மடக்கும் அளவுக்கு. இரும்பு இரும்புதானே, முழுதாகவா வாயை மூடும். ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்தேன். இல்லை. திரும்பி வந்தேன். இருந்தது. நகர்ந்தேன். இல்லை. இவரும் இசக்கியும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருகிறேன். தலைக்குள் இருக்கிற சத்தத்துக்கு இரண்டடி தூரம் கிடையாது. அது கூடவே நடந்து வரும். இது வரவில்லை. இது மேலே, அதன் இடத்தில், செங்கல்லோடு செங்கல்லாக இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். "அணைங்க" என்றேன். இவர் ஃபோனைத் தடவினார். அந்தத் துளியும் போயிற்று. "சத்தம் கேக்கா?" என்றார், குரலை வேண்டுமென்றே சாதாரணமாக வைத்துக்கொண்டு. "கேக்கு" என்றேன். அவர் முகம் விழுந்தது. "கடிகாரம் கேக்கு. உங்க நெஞ்சு அடிக்கது கேக்கு. சாவி கொடுத்தது யாரு, நிமிஷத்துக்கு ஒருதரம் திக்குது அது." விளக்கை மறுபடி ஏற்றினார், அணைத்தார், ஏற்றினார். "ஆப்புலயும் வேல செய்யுது" என்றார், அதைத்தான் சோதித்ததுபோல.

கொயர் வந்தது. வாசலில் செருப்புகள், எட்வின் சாரின் இருமல், எல்லோருக்கும் முன்னால் பாட்டுத்தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஷீபா. நிலைப்படியில் நின்றுவிட்டாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள். "டீச்சர், இங்கன இருந்து எதையும் எடுத்துட்டீங்களா? வீடு என்னமோ போல இருக்கு." "என்ன போல?" "தெரியல. பெருசான மாதிரி." அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அவள் போய்க் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, எனக்கு வலிக்கக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு, ஜி மேல் விரலை வைத்தாள். அழுத்தப் போகிறாள். "விரல எடு ஷீபா." நிமிர்ந்தாள். எட்வின் சார் இருமலைப் பாதியில் நிறுத்தினார். "டீச்சர், ஐயர் சொன்னாங்க, நீங்க இனிமே…" "ஐயருட்ட நான் பேசிக்கிடுதேன். விரல எடு." எடுத்தாள். சாப்பாட்டு அறைக் கதவில் இவர் சாய்ந்து நிற்கிறார், கையில் ஃபோன். நான் காற்றுக்குள் கையை விட்டேன். முதலில் அந்தப் பழைய இடம்தான் தட்டுப்பட்டது, மேலே, அது இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடம், உட்கார்ந்த சூடுகூட இன்னும் இருந்தது. அதைத் தாண்டி இறங்கினேன். கொஞ்சம். இன்னும் ஒரு துளி. அங்கே, யாரும் தொடாமல், எப்போதும் இருக்கிற இடத்தில், என் ஜி. வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். எட்வின் சாருக்குப் பொறுக்கவில்லை, குறுக்கே எட்டி ஒரு விரலால் கட்டையை அழுத்திவிட்டார். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாட்டுத்தாள்கூட நுழையாது. "பாத்தியா" என்றார், யாரிடமோ. இருபது வாய் திறந்தது, மங்கலான விளக்குக்குக் கீழே, முதல் அடி வீட்டை நிறைத்தது. இருபது இல்லை, பத்தொன்பது. டார்கஸ் அக்கா அரை மாத்திரை தாமதமாக நுழைந்தாள். வழக்கமாக அங்கேயே கையைத் தட்டி நிறுத்திவிடுவேன். தட்ட எடுத்த கையைக் கீழே இறக்கினேன். நுழையட்டும். நம் வீட்டு இரும்புக்கு அதுதான் சேரும்.